பிலோமினா சம்மந்தி

உப்பில்லாமல் சமைப்பதற்காகச் சம்பளம் வாங்கியவன் நான். என் மனைவி இதை நாகர்கோவில் சொந்தக்காரர்களிடம் ஒருநாளும் சொன்னதில்லை. "திருவனந்தபுரத்துல பெரிய ஆஸ்பத்திரியில வேலை" என்று சொல்லி, அதற்குமேல் கேள்வி வராதபடி காப்பி கொண்டுவரப் போய்விடுவாள்.

போன மாதம் அந்த ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு ஃபோன். புதிதாகச் சேர்ந்த டயட்டீஷியன் பெண் பேசினாள். சமையலறையை இப்போது காண்ட்ராக்ட்டுக்கு விட்டிருக்கிறார்களாம். உப்புக் குறைத்த உணவுப் பட்டியலைச் சரிபார்த்தபோது, கம்ப்யூட்டரில் 'பிலோமினா சம்மந்தி' என்று ஒன்று இருந்ததாம். சம்மந்தி என்றால் எங்கள் பக்கத்தில் துவையல். காண்ட்ராக்ட்காரருக்கு அது என்னவென்றே தெரியவில்லை.

"அங்கிள், இது எந்த நாட்டு டிஷ்ஷாணு? பிலிப்பைன்ஸா?" என்று கேட்டாள்.

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பக்கத்துக் கடற்கரை விழிஞ்ஞம்தான் என்றேன். விவரமாக எழுதித் தந்தால் பட்டியலிலிருந்து எடுக்காமல் வைத்துக்கொள்கிறேன் என்றாள். அவள் கேட்டது செய்முறையை மட்டும்தான். எனக்கு அப்படி எழுத வராது.

திருவனந்தபுரம் தம்பானூரில் ஒரு ஓட்டலில் பாத்திரம் கழுவ வந்து, பரோட்டாவுக்கு மாவு பிசைந்து, சால்னா வைத்து, சரக்கு மாஸ்டர் ஆனவன் நான். அங்கே எனக்குக் கற்றுத்தந்த மாஸ்டர், ருசி குறைந்தது என்று யாராவது சொன்னால் வேறு எதையும் யோசிக்கமாட்டார். ஒரு கை உப்பை அள்ளிப் போடுவார். பெரும்பாலும் அதோடு புகாரும் தீர்ந்துவிடும். அந்த வித்தையோடு ஆஸ்பத்திரி கேன்டீனுக்கு வந்தேன். அங்கிருந்து நோயாளிகளுக்குச் சமைக்கும் டயட் கிச்சனுக்கு மாற்றினார்கள். முதல் வேலையாக என் கையிலிருந்த உப்புச் சட்டியை வாங்கித் தன் அறை அலமாரியில் வைத்துப் பூட்டியவர் லலிதா மேடம்.

மேடம் கோட்டைக்குள் அக்ரஹாரத் தெருக்காரர். தஞ்சாவூரிலிருந்து எப்போதோ வந்த குடும்பம். வீட்டில் பேசும் பழைய தமிழை அப்படியே ஆஸ்பத்திரிக்கும் கொண்டுவருவார். நடுநடுவே மலையாளமும் இங்கிலீஷும் விழும். யாரையும் சத்தம் போட்டுப் பேசமாட்டார். நான் வைத்த கூட்டு வாயில் வைக்க முடியாதபடி இருந்தால், "தங்கராஜ், இதைப் பத்தி இன்னும் கொஞ்சம் யோஜிக்கலாமே" என்பார். அதற்கு அவர் திட்டியிருக்கலாம் என்று தோன்றும். நோயாளிகளின் பெயர் அவருக்கு நினைவிருக்காது. 'இட்லி மாமா', 'மோர் கேக்கற டீச்சர்' என்று சாப்பாட்டை வைத்துத்தான் ஆளைச் சொல்வார்.

அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. உப்புக் குறைத்த தட்டுகள் வார்டுக்குப் போகும்போது அதே சாப்பாட்டில் தனக்கும் ஒரு தட்டு எடுத்துவைக்கச் சொல்வார். அதுதான் அவருடைய மத்தியானச் சாப்பாடு. வீட்டிலிருந்து டப்பா கொண்டுவந்து நான் பார்த்ததே இல்லை. மீன், முட்டை உள்ள தட்டுகளுக்கு மட்டும், "அதுக்கு உங்க நாக்குதான் என் நாக்கு" என்று என்னிடம் விட்டுவிடுவார்.

எங்கள் கிச்சனில் முக்கியமான சாப்பாடு கஞ்சி. இந்த ஊரில் உடம்புக்கு முடியாதவர்கள் எல்லோரும் கேட்பது அதுதான். குத்தரிசியைக் குழைய வேகவைத்து, சிறுபயறும் தேங்காய்ச் சம்மந்தியும் வைப்போம். அரிசியில், பயறில், சம்மந்தியில் என்று எதிலும் உப்புக் கிடையாது. டாக்டர் அனுமதித்த கொஞ்சம் உப்பைக் காகிதத்தில் மடித்துத் தட்டிலேயே வைத்துவிடுவோம். இது மேடத்தின் யோசனை. கொதிக்கும் பானையில் போட்ட உப்புத் தெரியாமல் போய்விடும், அதே உப்பைச் சாப்பிடும்போது மேலே தூவினால் நாக்கில் முதலில் படும். "அதுவும் அவா கையாலயே போட்டுக்கறா பாருங்கோ, அதுல ஒரு திருப்தி" என்பார்.

மற்றதை வாசனையால் சரிக்கட்ட வேண்டும். பயறைக் கொஞ்சம் வறுத்து வேகவைப்பேன். சின்ன வெங்காயத்தை நறுக்காமல் நசுக்குவேன். சீரகத்தைக் கடைசியில்தான் பொடிப்பேன். புளிப்பு எப்போதும் இறக்கியபிறகுதான். சுட்ட பப்படம் போதும் என்று எல்லோரும் கேட்பார்கள். அதில் உப்பும் உண்டு, பப்படக் காரம் என்கிற சோடாவும் உண்டு. இரண்டுமே ஆகாது. கடையில் விற்கும் மாற்று உப்பை மேடம் வாசற்படி ஏற்றமாட்டார், சிறுநீரகம் கெட்டவர்களுக்கு அது வேறு வம்பு.

இப்படி எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த இடத்தில் பிலோமினா வந்து சேர்ந்தார்.

குளச்சல் பக்கம் பிறந்து விழிஞ்ஞத்தில் கல்யாணம் கட்டியவர். தலையில் சருவப் பாத்திரம் வைத்து வீடு வீடாக மீன் விற்றவர். கணவர் இல்லை. ஒரே மகள் ஷைனி கழக்கூட்டத்தில் ஒரு கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங் வேலை. பிலோமினாவுக்கு இருதயத்தில் வால்வு கெட்டுப்போயிருந்தது. காலிலும் வயிற்றிலும் நீர் கட்டி, படுத்தால் மூச்சு முட்டும். அந்த நீர் வடிந்தால்தான் ஆபரேஷன். ஏற்கெனவே ஒருமுறை தேதி குறித்துத் தள்ளிப்போயிருந்தது. உப்பும் ஆகாது, பட்டினியும் ஆகாது, சாப்பிட்டுத் தெம்பு வரவேண்டும் என்றார் டாக்டர்.

முதல்நாள் கஞ்சியை வாயில் வைத்ததும் என்னைப் பார்த்தார்.

"இது என்ன மக்கா? சேலைக்குப் போடுகதா?"

பக்கத்தில் நின்ற மேடம் சிரித்தார். "முதல்ல அப்படித்தான் இருக்கும். பழகிடும், கேட்டேளா."

"உப்பு தின்னுகவங்க எல்லாரும் இப்பிடித்தான் சொல்லுவாவ" என்றார் பிலோமினா. "ஒங்களுக்கு என்ன, மத்தியானம் நல்லா உப்பும் புளியுமா தின்னுவிய."

மேடம் அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தார். தட்டு அப்படியே திரும்பி வந்தது. மறுநாளும் வந்தது. புதுமீன் வாங்கி, உப்பில்லாமல் குடம்புளி போட்டுக் குழம்பு வைத்தேன். அதையும் தொடவில்லை. வார்டு நர்சுகளிடம் மீன் விலையைப் பற்றிப் பேச மட்டும் தெம்பு இருந்தது. எனக்குப் பயமாகிவிட்டது. இப்படியே போனால் நீர் வடிந்தாலும் ஆபரேஷன் தாங்காது.

தட்டை எடுக்கிற சாக்கில் நானே வார்டுக்குப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். "என்னதாம்மா வேணும்?" என்றேன்.

"கஞ்சியும் கருவாட்டுச் சம்மந்தியும். வேற ஒண்ணும் எனக்கு எறங்காது."

"கருவாடு முழுக்க உப்புல்லா."

"ஆரு சொன்னா? நெத்தோலிக்கு உப்பு இடமாட்டோம். பொடி மீனுல்லா. சும்மா விரிச்சாப் போரும், ஒரு வெயிலுல காஞ்சிரும். நான் எத்தன வருசம் வித்திருக்கேன்."

அது உண்மைதான். சின்ன நெத்தோலியை உப்பிடாமல் காயவைத்து விற்பதை நானும் சந்தையில் பார்த்திருக்கிறேன். மேடத்திடம் சொன்னேன். அவர் இரண்டு நாள் யோசித்து, டாக்டரிடமும் பேசிவிட்டு, "கொஞ்சமா, ஒரு வேளைக்கு மட்டும்" என்று சம்மதித்தார். கடைச்சரக்கை நம்பமுடியாது, வீட்டில் காயவைத்ததையே கொண்டுவா என்று ஷைனியிடம் நான்தான் சொன்னேன்.

வந்த கருவாட்டை மண் போக அலசி, இரும்புச் சட்டியில் மொறுமொறுவென்று வறுத்தேன். காய்ந்த மிளகாயைச் சுட்டேன். தேங்காய், சின்ன வெங்காயம், துளி புளி சேர்த்துக் கரகரப்பாக இடித்தேன். ருசி பார்த்தபோது ஒரு கரிப்பு இருக்கத்தான் செய்தது. கடல்மீனுக்கு அது இயல்புதானே என்று நினைத்தேன். பிலோமினா அன்றைக்குக் கஞ்சிக் கிண்ணத்தை விரலால் வழித்தார். பயறையும் தின்றார். அடுத்த கட்டில்காரர்கள் எல்லாம் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கல்யாணப் பந்தியே நடத்திமுடித்த சந்தோஷம்.

ஆனால் அந்த வாரத்திலேயே எடை ஏறியது. கால் மறுபடியும் வீங்கியது. டாக்டர் கேள்வி கேட்டார். மேடம் நேராக வார்டுக்குப் போனார், பின்னால் நானும் போனேன். அம்மாவுக்குத் தலைவாரிக்கொண்டிருந்தாள் ஷைனி.

"வெளில இருந்து என்ன கொண்டுவந்து குடுக்கறே?" என்று கேட்டார் மேடம். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டது அந்த ஒரே தடவைதான்.

"ஒண்ணும் இல்ல மேடம். சத்தியமாட்டு."

"பையைத் திற."

வார்டு முழுக்கப் பார்க்க, ஷைனி பையைக் கவிழ்த்தாள். ஒரு யூனிஃபார்ம், சீப்பு, பஸ் பாஸ், பாதி பிஸ்கட் பாக்கெட். அந்தப் பிஸ்கட்டையும் மேடம் எடுத்துப் பார்த்தார். பொய் சொல்கிறாள் என்றே அவர் நினைத்தார். உண்மையைச் சொன்னால் நானும் அப்படித்தான் நினைத்தேன். ஷைனி பொருள்களைத் திரும்பப் பைக்குள் அடைத்து, வாரிய தலையைப் பாதியில் விட்டுப் போய்விட்டாள். மறுநாள் வரவில்லை. பிலோமினா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். கஞ்சி, மருந்து, பேச்சு மூன்றும் நின்றுபோயின.

கருவாடு கொண்டுவரச் சொன்னவன் நான். ஞாயிற்றுக்கிழமை கிழக்கேகோட்டையில் பஸ் ஏறி விழிஞ்ஞத்துக்குப் போனேன். எப்படியாவது அந்தப் பெண்ணைக் கூட்டிவந்து தாயிடம் சேர்க்கவேண்டும் என்பது மட்டும்தான் மனதில் இருந்தது. புதுத் துறைமுகத்தின் கிரேன்கள் பஸ்ஸிலிருந்தே தெரிந்தன. வீட்டில் ஆளில்லை, கரையில் இருப்பார்கள் என்றார்கள். ஷைனியும் அவள் சித்தியும் நெத்தோலி காயவைத்துக்கொண்டிருந்தார்கள். ஷைனி என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சித்திதான் பொரிந்தார்.

"எனக்க பிள்ளய கள்ளியாக்கி அனுப்பினியளே. ஒரு உப்புக்கல்லு நாங்க இடல்ல. மாதா மேல சத்தியம். இந்தா, ஒங்க கண்ணாலயே பாருங்க."

பார்த்தேன். சத்தியம் செய்துகொண்டே அவர் நெத்தோலிக் கூடையை அலையில் முக்கினார், குலுக்கினார், மறுபடி முக்கினார். தண்ணீர் வடிய வடியத் தூக்கிவந்து வலையில் விரித்தார். அந்தக் கரையில் அம்மா, பாட்டி எல்லோரும் அப்படித்தான் கழுவியிருப்பார்கள்.

"ஷைனி" என்றேன். "மீன எப்பவும் இதுலயா கழுவுகது?"

"பின்னே? கடல்ல அல்லாம வேற எதுல..." என்று தொடங்கியவள் நிறுத்தினாள். கையிலிருந்த மீனைப் பார்த்தாள். கடலைப் பார்த்தாள். "அய்யோ அம்மே" என்றாள்.

சித்திக்கு இன்னும் விளங்கவில்லை. "கடல்ல கெடந்த மீன கடல்லதான் கழுவணும். அதுல என்ன தெற்று?" என்று என்னிடம் சண்டைக்கு வந்தார். உப்பு விற்பனைக்கு வரும் பாக்கெட்டில் மட்டும்தான் இருக்கிறது என்று நாங்கள் அத்தனை பேரும் நினைத்திருக்கிறோம். மீன் விற்ற பிலோமினாவும், சமைத்த நானும், படித்த மேடமும் அதில் ஒன்றுதான்.

திங்கட்கிழமை காலையில் மேடத்திடம் சொன்னேன். முழுவதையும் கேட்டுவிட்டு எழுந்தார். "அந்தக் குழந்தை வந்திருக்காளா?" என்று கேட்டார். நான் கூட்டி வந்திருந்தேன். மேடம் வார்டுக்குப் போய், பையைக் கவிழ்க்கச் சொன்ன அதே இடத்தில் நின்றார். "ஷைனி, நீ பொய் சொல்லலை. உன் பையை நான் திறக்கச் சொன்னது தப்பு. மன்னிச்சுக்கோ" என்றார். பக்கத்துக் கட்டில்கள் வரைக்கும் கேட்கும்படி சொன்னார். பிலோமினா சுவர்ப்பக்கம் படுத்தபடியே இருந்தார். ஆனால் கேட்டுக்கொண்டிருந்தார் என்று தோளைப் பார்த்தாலே தெரிந்தது.

அன்றைக்கே புது நெத்தோலி வாங்கினோம். தலையும் குடலும் கிள்ளி, பைப்புத் தண்ணீரில் மாற்றி மாற்றிக் கழுவி, மொட்டைமாடியில் பெரிய தட்டுகளில் விரித்தோம். நல்ல வெயில். அதே மாடியில்தான் லாண்டரிக்காரர்கள் படுக்கைவிரிப்பு உலர்த்துவார்கள். ஆபரேஷன் தியேட்டர் துணியில் கருவாட்டு வாடை வருகிறது என்று சூப்பிரண்டு வரைக்கும் புகார் போனது. மேடம் போய் எப்படியோ சமாளித்தார்.

மத்தியானம் தட்டைத் திருப்பிப் போட மாடிக்குப் போனவன் வாசலிலேயே நின்றுவிட்டேன். மேடம் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். முந்தானையால் மூக்கைப் பொத்தி, இன்னொரு கையில் குடையை வைத்துக் காக்கைகளை விரட்டிக்கொண்டிருந்தார்.

"ஷைனிக்கு டியூட்டி, போயிட்டா. காக்கா ஒண்ணு விடாம வந்துடறது" என்றார். "தங்கராஜ், நான் இங்க உக்காந்திண்டிருக்கறது எங்காத்துல தெரிய வேண்டாம். அம்மா குளிக்காம உள்ள விடமாட்டா."

அவர் மேல் எனக்கு அன்றைக்கு வந்த பிரியத்தை எப்படிச் சொல்வது என்று இன்றுவரை தெரியவில்லை. நான் உட்காருகிறேன், நீங்கள் போங்கள் என்றேன். "இல்லை, இது என் வேலை" என்று குடையை ஓங்கினார்.

கீழே வந்து பிலோமினாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மாடியில் நடப்பதையும் சொன்னேன், தினமும் மேடம் சாப்பிடுவது எந்தச் சாப்பாடு என்பதையும் சொன்னேன். என் பக்கம் திரும்பிப் படுத்தார். "பொய் சொல்லாதிய" என்றார். நான் கிச்சனுக்குப் போய் மேடத்துக்கு எடுத்துவைத்திருந்த தட்டைத் தூக்கிவந்து முன்னால் வைத்தேன். ஒரு வாய் எடுத்துத் தின்றுபார்த்தார். உப்பில்லை. பயறையும் தொட்டுப் பார்த்தார். அதிலும் இல்லை. "இந்தப் பொம்பளைக்கு என்ன சோக்கேடு?" என்று கேட்டார். ஒரு நோயும் இல்லை என்றேன். தட்டை என் பக்கம் தள்ளிவைத்து, எனக்கும் கொண்டா என்றார்.

அதன்பிறகு கருவாடு காய்வதற்குக்கூடக் காத்திருக்கவில்லை, வெறும் கஞ்சியையும் பயறையும் தின்றார். சம்மந்தி வந்தபோது ஒரு கரண்டி கூடுதலாகத் தின்றார். நீர் வடிந்தது. ஆபரேஷன் நடந்தது. பிழைத்து வீட்டுக்குப் போனார். மேடம் சமையல் பட்டியலில் தன் கையால் சேர்த்தது அந்த ஒரு பெயரைத்தான். நோயாளி பெயர் அவருக்கு நினைவு நின்றதும் அந்த ஒரு தடவைதான்.

பிறகு பிலோமினா மாதம் ஒருமுறை கிச்சன் பின்வாசலுக்கு வருவார். சருவம் தூக்குவதில்லை, ஒரு பை மட்டும். பைப்புத் தண்ணீரில் கழுவிய கருவாடு. கரையில் தன்னைப் 'பைப்பு பிலோமினா' என்று கூப்பிடுகிறார்கள் என்று சொல்லிச் சிரிப்பார். ஆகவே டயட்டீஷியன் மகளே, காண்ட்ராக்ட்காரரிடம் நெத்தோலி எங்கே வாங்கினார் என்று மட்டும் கேட்காதே. எதில் கழுவியது என்று கேள். மற்றதெல்லாம் மேலே எழுதியிருக்கிறேன்.

இன்னும் ஒன்றுதான் பாக்கி. லலிதா மேடம் ஓய்வுபெற்ற அன்று மேலே ஹாலில் மாலை, கேக், பேச்சு எல்லாம் நடந்தது. முடிந்ததும் வழக்கம்போல் கிச்சனுக்கு வந்து தன் தட்டைக் கேட்டார். கஞ்சி, பயறு, தேங்காய்ச் சம்மந்தி. அப்போது பின்வாசலில் பிலோமினா நின்றார், ஷைனியும் கூட. கையில் பேப்பரில் பொதிந்த ஒரு பொட்டலம்.

"ஒங்களுக்கு மீனு தர முடியாது" என்றார் பிலோமினா. "பின்ன என்னத்தக் கொண்டுவர? எனக்க வீட்டுல இது செலவாகாம கெடக்கு."

பொட்டலத்தைப் பிரித்தால் கல்லுப்பு.

"எங்களுக்காட்டு உப்பில்லாமத் தின்னது போரும். இனி நல்லா உப்பும் புளியுமா தின்னணும்."

மேடம் அந்தப் பொட்டலத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இரண்டு கல் எடுத்தார். இலையில் உப்பு வைக்கும் இடமாகப் பார்த்துத் தட்டின் ஓரத்தில் வைத்தார். நுணுக்கிக் கஞ்சியில் கலக்கினார். ஒரு வாய் வைத்தார். முகம் சுருங்கியது.

"தங்கராஜ், உப்பு கரிக்கறதே" என்றார்.

பிலோமினா ஸ்டூலை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"முதல்ல அப்பிடித்தான் இருக்கும்" என்றார். "பழகிரும், கேட்டியளா."